விரலில் மாட்டும் மீட்டருக்கு முன்னால் ஒரு பலூன்

1/ கொரோனா காலத்தில் உங்க வீட்டுக்கும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்திருக்கும். விரலில் மாட்டினா 98, 97னு காட்டுமே, அதேதான். அது ஏன் தேவைப்பட்டதுன்னு புரியணும்னா 1875க்குப் போகணும். வாங்க.

2/ ஏப்ரல் 15, பாரிஸ். 'செனித்' பலூனில் மூன்று பேர்: திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். ஆக்சிஜன் பைகளும் கொண்டுபோனாங்க. அந்த அளவு போதாது என்று உடலியல் அறிஞர் போல் பெர்ட் எச்சரித்து எழுதிய கடிதம், வந்து சேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது.

3/ 7,000 மீட்டருக்கு மேல், இன்னும் உயரே போகலாம்னு மூவரும் தலையாட்டி, எடை மூட்டைகளின் கயிற்றை அறுத்தாங்க. கொஞ்ச நேரத்தில் திசாந்தியே ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தார், கை அசையவில்லை. பேச நினைத்தார், நாக்கு எழவில்லை. ஆனா வேதனையே இல்லை, சந்தோஷமாக இருந்ததுன்னு பிறகு எழுதினார். பலூன் தரையைத் தொட்டபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை.

4/ ஏன் தெரியவில்லை? மூச்சை அடக்கினா வரும் திணறல் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுறதால வருது. உயரத்தில் அது மூச்சோடு வெளியே போய்க்கிட்டே இருக்கும். ஆக்சிஜன் மட்டும் குறையும். முதலில் அடிவாங்குவது மூளை. "எனக்கு ஏதோ சரியில்லை"ன்னு சொல்லவேண்டியதும் அதே மூளைதான்!

5/ அதனால வெளியிலிருந்து ஒரு சாட்சி வேணும். ஆக்சிஜன் உள்ள ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, இல்லாதது கருஞ்சிவப்பு. 1930களில் ஜெர்மனியில் கார்ல் மாத்தெஸ் காது வழியே ஒளி பாய்ச்சி இந்த வித்தியாசத்தை அளந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளுக்காக அமெரிக்கர் கிளென் மில்லிகன் எடை குறைந்த காதுக்கருவி செய்தார். 'ஆக்ஸிமீட்டர்' அவர் வைத்த பெயர். ஆனா காதைச் சூடாக்கணும், ஆளுக்கு ஆள் அளவைத் திருத்தணும். பெரிய தொல்லை.

6/ 1970களில் ஜப்பான் பொறியாளர் தகுவோ அவோயாகி இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் காதில் ஒளி பாய்ச்சிக் கணக்கிட முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கெடுத்தது. துடிக்கிற பகுதி தமனி ரத்தம்தானே, அதையே அளந்தா என்னன்னு யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.

7/ இப்போ கிளைடருக்கு வருவோம். இன்ஜின் இல்லை, மலையைத் தாண்டும் காற்றலையில் ஏறும். 1961இல் கலிபோர்னியாவில் பால் பிக்கிள் 14,102 மீட்டர் போனார். எவரெஸ்ட்டைவிட 5,000 மீட்டருக்கு மேல் அதிகம்! பெரும்பாலான கிளைடர்களில் பயணிகள் விமானம் மாதிரி அழுத்தம் ஏற்றிய அறை கிடையாது. ஆக்சிஜன் குழாய் கழன்றாலும் விமானிக்கு நல்லாத்தான் இருக்கும். அதனால்தான் விரலில் அந்த மீட்டர்.

8/ அதுவும் முழுசாக் காப்பாற்றாது. குளிரில் விரல் ரத்த ஓட்டம் குறைந்தால் எண் தப்பும். எண் சரியாக விழுந்தாலும், அதைப் படிக்கப்போவது மங்கிய மூளைதான். எண் இறங்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. அமெரிக்க விதிப்படி 14,000 அடிக்கு மேல் விமானி எப்படி உணர்ந்தாலும் ஆக்சிஜன் எடுத்தே ஆகணும். சுமார் 12,000 மீட்டருக்கு மேல் சாதாரண மாஸ்க்கில் சுத்த ஆக்சிஜனும் போதாது. 2006இல் 15,000 மீட்டரைத் தாண்டிய ஃபாசெட்டும் எனெவோல்ட்சனும் அழுத்த உடை போட்டிருந்தாங்க.

9/ 2020இல் இதையே வார்டுகளில் பார்த்தோம். சாச்சுரேஷன் 80க்குக் கீழே, நோயாளி போனில் பேசிக்கிட்டிருப்பார். அந்த ஏப்ரலில்தான் அவோயாகி காலமானார்.

10/ வீட்டில் மீட்டர் இருக்கா? கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிஷம் அசையாம வைங்க. காய்ச்சல், இருமலோடு எண் 94க்குக் கீழேயே நின்றால், அப்பா "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. திசாந்தியேவுக்கும் அப்போ ஒண்ணும் தெரியலை.