மூன்று கொடிகள்: வங்கதேசக் கடற்கரையின் புயல் தன்னார்வலர் படை

1970 நவம்பர் 12 இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் போலா தீவையும் அதைச் சூழ்ந்த மேக்னா ஆற்றுக் கழிமுகத்தையும் தாக்கிய புயலில் மாண்டோர் தொகை 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புயல் அலை. அதாவது, காற்றின் வேகத்தால் கடல்நீர் திரண்டு உயர்ந்து கரைமேல் ஏறிப் பாயும் பெருவெள்ளம். கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த வண்டல் திட்டுகளில் குடிசை போட்டு வாழ்ந்த உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லை. இத்தனைக்கும் வானொலி அபாய அறிவிப்பை ஒலிபரப்பியிருந்தது. ஆனால் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. முந்தைய மாத எச்சரிக்கையை நம்பி வெளியேறி, அஞ்சிய அளவுக்குச் சேதமில்லாதது கண்டு திரும்பியவர்களில் பலர் இம்முறை இடம்பெயரவில்லை.

அறிவிப்பின் வடிவமும் அவர்களுக்கு உதவவில்லை. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் இன்றும் ஏற்றப்படும் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு பிரித்தானிய ஆட்சியில் கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட முறை. வங்கக் கடற்கரையும் அதையே பெற்றிருந்தது. இம்முறையில் 5, 6, 7 ஆகிய எண்கள் ஒரே கடுமையுடைய புயலையே குறிக்கும்; அது துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் அவை வேறுபடும். 8, 9, 10 என்னும் எண்களும் அவ்வாறே. மாலுமிக்கு இவ்வேறுபாடு உயிர்நாடி. கழிமுகத்து உழவருக்கோ தம் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு உயரும், எப்போது புறப்பட வேண்டும் என்பதே தெரிய வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பவே செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் முயற்சியில் 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே அரசும், பின்னாளில் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் மாறிய வங்கதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து நடத்தும் அமைப்பாக ஏற்கப்பட்டது. அதன் அடிப்படை அலகு ஓரிரு சிற்றூர்களை உள்ளடக்கியது. அவ்வூராரே தமக்குள் நம்பிக்கைக்குரியவர்களைத் தேர்ந்தெடுத்தனர். முன்பின் அறியாத அதிகாரியின் ஆணைக்கு வீட்டைவிட்டு வெளியேறத் தயங்குபவர், பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் என்னும் இக்கணிப்பே திட்டத்தின் மிகச் சிறந்த கூறு எனலாம். எச்சரிக்கை, அடைக்கலம், மீட்பு, முதலுதவி, நிவாரணம் எனப் பணி பகுக்கப்பட்டு ஒவ்வொன்றிற்கும் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. டாக்காவிலிருந்து கம்பியில்லாத் தொடர்புக் கருவி வழியே கீழிறங்கும் செய்தியைத் தன்னார்வலர் மெகாபோனில் கூவியும், கையால் சுற்றும் சைரனை ஒலித்தும் தெருத்தெருவாகக் கொண்டுசென்றனர். எண்களின் குழப்பத்துக்குக் கொடிகள் விடையாயின: எண் 4க்கு ஒரு கொடி, 5 முதல் 7 வரை இரண்டு, 8 முதல் 10 வரை மூன்று. மூன்றாவது கொடி ஏறினால் அடைக்கலம் புகவேண்டும் என்பதை எழுத்தறியாதவரும் நினைவில் கொள்ள முடிந்தது. ஒத்திகைகளும் ஊர்ப்புற நாடகங்களும் அதைத் திரும்பத் திரும்பப் பதியவைத்தன.

எனினும் 1991 ஏப்ரல் 29 அன்று சட்டகிராம் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை பல ஊர்களைச் சென்றடைந்தும், புகலிடக் கட்டடங்கள் மக்கள்தொகைக்கு ஈடாக இல்லை. பயிற்சி பெற்ற குழு எவ்வளவு திறமையுடையதாயினும் கொண்டு சேர்க்க இடமின்றி அது என்ன செய்யும்? அடுத்த ஆண்டுகளில், மற்ற நாட்களில் பள்ளியாக இயங்கும், தூண்கள்மீது உயர்த்திய கான்கிரீட் புகலிடங்கள் பெருகின.

அப்பேரிடரின் கணக்கில் மற்றொரு கொடுமையும் வெளிப்பட்டது. 20 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்திருக்க, அதே வயது ஆண்களில் இறந்தோர் 15 பேர். கணவர் வரும்வரை காத்திருந்தவர்கள், அயல் ஆடவருடன் ஒரே கூடத்தில் இரவைக் கழிக்கக் கூசியவர்கள், குழந்தையைச் சுமந்துகொண்டு சேலையுடன் நீரில் சிக்கியவர்கள் எனக் காரணங்கள் பல. ஆண் தன்னார்வலர் வாசலில் நின்று கூவியது வீட்டின் உள்ளறைக்கு எட்டவில்லை என்பதைத் திட்டம் உணர்ந்து பெண்களைச் சேர்த்தது. ஆயினும் அலகுக்கு 10 ஆண்கள், 10 பெண்கள் என்னும் சமநிலைக்கு வர நெடுங்காலம் பிடித்தது, அத்தாமதம் வருந்தத்தக்கது. 2020இல் தன்னார்வலர் தொகை 76,000ஐத் தாண்டியிருந்தது. அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

முந்தைய பேரழிவுகளோடு ஒப்பிட்டால், 2007 நவம்பரில் வந்த சித்ர் புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேரே. 2020 மே மாதத்து அம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 2018 முதல் காக்ஸ் பஜாரின் ரோஹிங்கியா முகாம்களிலும் அகதிகளிடையே குழுக்கள் அமைக்கப்பட்டன. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடில்களில், புயலுக்கு ஈடுகொடுக்கும் புகலிடம் இல்லாத குன்றுச் சரிவுகளில், அதே மூன்று கொடிகளின் பொருள் கற்பிக்கப்படுகிறது. அங்கே மூன்றாவது கொடி ஏறும்போது மக்கள் எங்கே செல்வது என்னும் கேள்விக்கு மட்டும் கடற்கரைச் சிற்றூர்களில் கிடைத்த விடை இன்னும் கிடைக்கவில்லை.