திதி கொடுக்கும் தெய்வம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் மலையை வலம் வரப் போகிறவர்கள். அவர்களுக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிப் பிரதட்சிணம் இருக்கிறது. மற்றவர்கள் கோபுரம் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு 217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரம் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்த கோபுரம் அது. நானும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். ஆனால் என் மனம் தங்கிவிட்ட இடம் அதற்கு அடுத்த வாயில்தான். அதற்கு வல்லாள கோபுரம் என்று பெயர். சந்நிதிக்கு விரைகிறவர்கள் கண்ணில் அங்குள்ள வல்லாள மகாராஜாவின் சிலை படுவதே இல்லை.

யார் இந்த மகாராஜா? கன்னட நாட்டுப் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன். 1311-இல் மாலிக் காபூரின் சேனை அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரத்தைப் பணிய வைத்தது. பிறகு துக்ளக் காலத்திலும் டில்லிப் படை வந்தது. மன்னன் தெற்கே நகர்ந்து அண்ணாமலை அடிவாரத்தில் அமர்ந்து அரசு புரிந்தான். அவன் காலத்துக் கல்வெட்டுக்களில் 'உண்ணாமலைப் பட்டணம்' என்று வருவது இந்த ஊர்தான்.

அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆண்டு கொண்டிருந்தார்கள். 1342-இல் வல்லாளன் அவர்களோடு கடைசிப் போர் செய்தான். அப்போது அவனுக்கு எண்பது வயது என்று எழுதி வைத்திருப்பவர் அவனுடைய ஆஸ்தானப் புலவர் அல்ல. மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா! சுல்தான் கியாசுதீனின் மனைவியும் பதூதாவின் மனைவி ஒருத்தியும் சகோதரிகள். ஆகவே எதிரியின் வீட்டு விருந்தாளியே நமக்குச் சாட்சி.

வல்லாளன் ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூர்க் கோட்டையை மாதக் கணக்கில் முற்றுகையிட்டான். அவன் சேனையில் இருபதினாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்களாம்; இந்தப் போரை வெறும் மதச் சண்டையாக எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோட்டைக்குள்ளே பதினான்கு நாளைக்குத்தான் உணவு இருந்தது. வல்லாளன் சமாதானம் பேசினான். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கும் தவணை கொடுத்தான் அந்தக் கிழ அரசன். அந்தத் தவணைக்குள் மதுரைப் படை வந்து, பாசறை நண்பகல் தூக்கத்தில் இருந்த வேளையில் பாய்ந்தது. பிடிபட்டவனிடம் விடுதலை ஆசை காட்டி யானை, குதிரை, பொருள் எல்லாவற்றையும் கறந்த பிறகு, சுல்தான் அவனைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். "நானே பார்த்தேன்" என்கிறார் பதூதா.

இந்தக் கோரத்துக்கு அண்ணாமலை சொன்ன பதில் என்ன?

வாயிலருகே பூ விற்ற முதியவர் ஒருவரிடம், "வல்லாள ராஜா யாருங்க?" என்று விசாரித்தேன். "நம்ம சாமிதாங்க அவருக்குப் புள்ள. மாசி மகத்துக்கு வந்து பாருங்க" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக் கதைபோல.

எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளையில்லாத வல்லாளனை இறைவன் சோதிக்க வந்து, இளைய ராணி சல்லமாதேவியின் கையில் குழந்தையாகித் தவழ்ந்தாராம். ஆகையால் தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து வரும்போது அண்ணாமலையாருக்கு மன்னனின் மரணச் செய்தி சொல்லப்படுகிறது, மேளதாளம் நின்றுவிடுகிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் இறைவனே திதி கொடுக்கிறார்.

சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளாது. வல்லாளனுக்கு மகன் உண்டு. நான்காம் வல்லாளன் என்று பட்டமும் சூடினான். ஆனால் சில காலத்துக்குள் போசள ராஜ்யம் மறைந்து விஜயநகரம் எழுந்துவிட்டது. உடலுக்குச் சிதையும் கிடைக்காமல், நீர்க்கடன் செய்ய வம்சமும் நிலைக்காமல் போன ஒரு கிழவனை அநாதையாக விட ஊருக்கு மனம் வரவில்லை. தன்னிடமிருந்த மிகப் பெரிய பிள்ளையை அவனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வைக்கோல் பொம்மையைத் தொங்கவிட்ட மதுரை சுல்தானியம் நாற்பது வருஷத்துக்குள் அழிந்தது. விஜயநகரமும் பின்னால் வீழ்ந்தது. மாசி மகம் மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் போகும் நேயர்கள், அடுத்த வாயிலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகட்டும்.