காரைக்கால்: பிரெஞ்சுச் சிற்றூரும் அதன் துறையும்

காரைக்காலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அம்மையாரில் தொடங்குவர். அறுபத்துமூவருள் இடம்பெற்ற பெண்டிர் மூவருள் ஒருவரான அவர் பெயராலேயே அவ்வூர் தமிழுலகில் அறியப்படுகின்றது. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா இன்றும் அவர் வரலாற்றை வீதியில் நடத்திக் காட்டுகின்றது. அடுத்துத் தேற்றரவு அன்னை ஆலயமும் மஸ்தான் சாகிபு தர்காவும் பிரெஞ்சுப் போர்வீரர் நினைவுச் சின்னமும் சுட்டப்பெறும். அரசலாறு கடலோடு கலக்கும் துறையைச் சுட்டுவோர் அரியர். மலேசியத் தமிழராகிய நாம் முதற்கண் நோக்க வேண்டியது அத்துறையே எனக் கருதுகின்றோம்.

தஞ்சை மராத்திய மன்னர் 1738இல் காரைக்காலைத் தர இசைந்து, பின்னர்ப் பின்வாங்கினார். சந்தா சாகிபின் படையுதவியால் 1739இல் அது ஆளுநர் துய்மாவின் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றினும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நீடித்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல்தான் நிறைவேறியது.

1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றும் துறைகளாயின. காரைக்காலோ மிகச் சிறிய நிலப்பரப்பு. அங்குக் கப்பலேறியோருள் பலர் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் ஆள் சேர்ப்பதற்கு 1861ஆம் ஆண்டின் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை முறையான இசைவளித்தது. ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இல் ஆங்கில அரசு நிறுத்தியது.

காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். பினாங்கு நோக்கிய கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. சிம்பாங் அம்பாட்டை அடுத்த பத்து காவானிலும் அந்நாளில் கரும்பே பயிராயிற்று. ஆக, ஒரே காவிரிப் படுகை, ஒரே பயிர், ஏறத்தாழ ஒரே வகையான ஒப்பந்தம். துறை மட்டுமே வேறு.

விளைவு பெரிது. ரியூனியனில் 'மலபார்' எனப்படும் தமிழ் வழியினர் கோயிலையும் தீமிதியையும் குடும்பப் பெயர்களையும் காத்துள்ளனர். ஆயினும் பிரெஞ்சு கல்விமொழியாகவும் கிரியோல் வீட்டுமொழியாகவும் ஆயின. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது பின்னர்ச் சட்டமாயிற்று. அப்பள்ளிகளுட் பல வெறுங் கொட்டகைகளே. இருப்பினும், அவற்றில் அரிச்சுவடி தமிழில் இருந்தது. தமிழ் எங்கு நிலைத்தது, எங்குத் தேய்ந்தது என ஆராய்வோர் பற்றையும் பண்பையும் மட்டும் அளக்கின்றனர். ஆள் சேர்ப்போர் எந்தத் துறைக்கு அழைத்துச் சென்றனர் என்பதையும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும். கப்பலேறியவர்க்கு அத்தெரிவில் பெரும்பாலும் பங்கிருந்ததில்லை.