மருத்துவச்சியின் கைராசி

கருவுற்ற பெண்ணுக்குத் தைலமிட்டு மெல்ல நீவி விடும் வழக்கம் பாட்டிமாரின் கைப்பக்குவம் மாத்திரமன்று. பாரத தேசத்தின் ஆதி வைத்திய கிரந்தங்களே அதற்கு விதி வகுத்திருக்கின்றன. பிரசவ வேதனை தொடங்கிய ஸ்திரீயின் இடுப்பு, விலாப்புறம், முதுகு, தொடை ஆகிய இடங்களில் இளஞ்சூடான எண்ணெயைத் தடவி, அவளுக்குச் சுகமாயிருக்கும் அளவுக்கே பிடித்துவிட வேண்டும் என்று சரக சம்ஹிதையின் சரீர ஸ்தானம் கூறுகிறது. அந்த வரிசையில் வயிறு இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நஞ்சு விழாமல் தங்கிவிட்டபோதுதான் தொப்புளுக்கு மேலே அழுத்தச் சொல்லும் அந்நூல், வலி வராதபோது முக்குவது வீண் என்றும் குழந்தைக்குக் கேடு என்றும் எச்சரிக்கிறது. பலமுறை பிள்ளை பெற்றவர்களும், அவளிடம் பிரியமுள்ளவர்களுமான பெண்களே உடனிருக்க வேண்டுமாம். எவ்வளவு உலக ஞானம்! மற்றோர் ஆதி வைத்தியரான சுசுருதரோ, பலை என்னும் மூலிகையிட்டுக் காய்ச்சிய தைலத்தைத் தாய்க்கும் சிசுவுக்கும் பூசச் சொல்லுகிறார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் கலை ஏட்டில் தங்காமல் நாவிதர் குலத்துப் பெண்களின் விரல்களில் தங்கியது. அவர்களே மருத்துவச்சிகளாக விளங்கியதை எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலிலும் காணலாம். மாதம் ஏற ஏறக் கர்ப்பத்தின் பாரத்தால் கடுக்கும் முதுகுக்கும், நீர்கோத்துக் கனக்கும் கால்களுக்கும் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ காய்ச்சித் தடவியவளின் கை, நோவைத் தணித்து உறக்கம் தந்ததோடு, குழந்தையின் தலை மேலிருக்கிறதா, கீழே திரும்பிவிட்டதா என்பதையும் ஆராய்ந்தது. உயிர் காத்த அந்தக் கையைத் தீண்டத் தயங்கிய குடும்பங்களும் உண்டு என்பது நம் சமூகத்தின் வெட்கக்கேடு.

ஆயினும் எல்லாக் கைகளும் ஒன்றல்ல. பிரசவம் தாமதித்தால் பொறுமையிழந்து வயிற்றைப் பிசைவதும், கழுவாத கையால் உள்ளே சோதிப்பதும் பல தாய்மார்களைப் பலிகொண்டன. சென்னை எழும்பூரில் 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டதும், நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க 1903-இல் வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி நிதி திரட்டியதும் இத்தகைய அவலத்தைப் போக்கவே. சுத்தத்தைக் கற்பித்த ஆங்கில வைத்தியத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால், வயிற்றைப் பிசைந்த முரட்டுக் கையை விலக்கிய அவசரத்தில், முதுகை நீவிய பரிவான கையையும், பக்கத்தில் நின்ற உறவுப் பெண்ணையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தியது தவறென்றே எனக்குத் தோன்றுகிறது.

அத்தவறு திருந்த வெகுகாலம் ஆயிற்று. சிசுவுக்கும் தைலம் பூசச் சொன்ன சுசுருதரை நினைவூட்டுவதுபோல், 1986-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் டிஃப்பனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும், குறைமாதச் சிசுக்களை நாளுக்கு மூன்று வேளை பத்து நாட்கள் நீவி விட்டபோது, அவை மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியதைக் கண்டனர். தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்ற திட்டம் 2004-இல் வந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளோ, தாய் விரும்பினால் வலி தணிய நீவி விடுதலையும் வெந்நீர் ஒத்தடத்தையும் ஏற்றுக்கொண்டு, வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையை வெளியே தள்ளும் முறையைக் கூடாதென்று விலக்குகின்றன.