மணியோசைக்குள் மறைந்த தகைவிலான்

டிசெம்பர் பிறந்துவிட்டால் மேலைநாட்டு நகரங்களில் ஊர்ப் பாடற்குழுக்கள் உற்சாகம் கொண்டுவிடும். ஆசிரியர், தாதியர், ஓய்வூதியர், கடைக்காரர் எனத் தொழில்முறைப் பாடகர் அல்லாதோர் வாரந்தோறும் கூடி ஒத்திகை பார்ப்பர். பின்னர் தேவாலயத்திலோ பாடசாலை மண்டபத்திலோ நத்தார் கீதங்களை இசைப்பர். 'பல பண்பாடுகளின் கரோல்கள்' என்னும் தலைப்பு இந்நிகழ்ச்சிகளில் வழமையாகிவிட்டது. ஒஸ்ரியாவிலிருந்து ஒன்று, கனடாவின் முதற்குடிகளுடையது என்று ஒன்று, உக்ரேனிலிருந்து ஒன்று என நிகழ்ச்சிநிரல் நீளும்.

கைதட்டிக் கலைந்து செல்வோர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இம்மெட்டுகளுட் சில, ஓர் இனத்தின் அழிவையோ ஒரு நாட்டின் வீழ்ச்சியையோ கடந்து வந்தவை. மெட்டு உலகெங்கும் சென்றது. அதனை ஆக்கியோரின் பெயரும் மொழியும் வழியிலே உதிர்ந்துபோயின.

உக்ரேனியப் பாடலையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் அறிந்த உலகம் அதனை 'கரோல் ஒஃப் த பெல்ஸ்' என்று அறியும். அதன் உண்மைப் பெயர் 'ஷ்செட்ரிக்'. இசையமைத்தவர் மிக்கோலா லெயொன்ரோவிச். 1877இல் பொதோலியா பிரதேசத்தில், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சமயக் கல்லூரியில் பயின்று, இசை ஆசிரியராக வாழ்ந்தவர். இன்று பொக்ரோவ்ஸ்க் எனப்படும் ஊரில், 1904 முதல் சில ஆண்டுகள் புகையிரதத் தொழிலாளரைக் கொண்டு ஒரு பாடற்குழுவையும் நடத்தினார். இக்காலத்துப் போர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பொக்ரோவ்ஸ்க் அதுவே.

நான்கே சுரங்கள் கொண்ட நாட்டார் மெட்டொன்றை அவர் எடுத்தார். அதனை இடைவிடாது ஒலிக்கவிட்டு, ஏனைய குரல்களை அதன்மேல் அடுக்கினார். 1916 டிசெம்பரில் கீவ் பல்கலைக்கழக மாணவர் பாடற்குழு, ஒலெக்சாந்தர் கொஷிற்ஸ் தலைமையில் அதனை அரங்கேற்றியது. அப்பாடலில் மணியும் இல்லை, பாலன் பிறப்பும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்துவந்து, தொழுவத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறந்திருப்பதைத் தலைவனுக்குச் சொல்லி, வளமான ஆண்டொன்றை வாழ்த்துகிறது. உண்மையில் அது ஒரு புத்தாண்டு வாழ்த்துப் பாடல். தகைவிலான் திரும்பிவரும் வசந்தத்திலே புத்தாண்டு கொண்டாடிய, கிறிஸ்தவத்துக்கு முந்திய காலத்தின் எச்சம் என்பர்.

1918 ஜனவரியில் உக்ரேன் மக்கள் குடியரசு தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. ஓராண்டு கழிந்தும் போரில் வென்ற வல்லரசுகளின் அங்கீகாரம் கிட்டவில்லை. போல்ஷெவிக் படைகள் தலைநகரை நெருங்கின. முதலாம் உலகப் போரை முடித்த வல்லரசுகள் பாரிஸில் கூடி நாடுகளின் எல்லைகளை வரைந்துகொண்டிருந்த வேளை அது. தலைவர்களுள் ஒருவரான சிமோன் பெத்லியூரா அப்போது எடுத்த முடிவு வியப்புக்குரியது. தூதர்களோடு ஒரு பாடற்குழுவையும் ஐரோப்பாவுக்கு அனுப்பப் பணித்தார். 'எங்களுக்கென ஒரு மொழி உண்டு, ஓர் இசை உண்டு, ஆகவே நாங்கள் ஒரு தேசிய இனம்' என்பதைப் பாடியே நிறுவவேண்டும் என்பது நோக்கம்.

கொஷிற்ஸ் தலைமையில் அக்குழு 1919 பெப்ரவரியில், கீவ் போல்ஷெவிக்குகளிடம் வீழ்ந்துகொண்டிருந்த நாள்களில், நகரைவிட்டுப் புறப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் பிராக் நகரில் பாடியது. பின்னர் வியன்னா, பாரிஸ், லண்டன் எனப் பயணம் நீண்டது. 'ஷ்செட்ரிக்' எங்கும் வரவேற்புப் பெற்றது. பாடலுக்குக் கைதட்டிய தலைநகரங்கள் நாட்டை அங்கீகரிக்க முன்வரவில்லை. 1922 ஒக்டோபர் 5ஆம் திகதி நியூயோர்க் கார்ணகி மண்டபத்தில் அப்பாடல் ஒலித்தபோது, அவர்களை அனுப்பிய குடியரசு நிலத்தில் இல்லை. கொஷிற்ஸ் தாயகம் திரும்பவேயில்லை. 1944இல் கனடாவின் வினிப்பெக்கில் காலமானார்.

லெயொன்ரோவிச்சின் முடிவு இன்னும் கொடியது. 1921 ஜனவரி 23ஆம் திகதி விடியற்காலை, மார்க்கிவ்கா கிராமத்தில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் இரவு தங்க இடம் கேட்டு வந்த விருந்தாளி. அவன் சோவியத் இரகசியப் பொலிஸான செக்காவைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டும் ஆவணம் 1990களிலேயே பகிரங்கமானது. கொல்லப்பட்டபோது இசையமைப்பாளருக்கு வயது 43.

1936இல் அமெரிக்காவில் பீற்றர் வில்ஹவுஸ்கி என்பவர் அம்மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினார். தகைவிலான் போய் மணிகள் வந்தன. அது மொழிபெயர்ப்பு அன்று, புதிய பாடல். அதன் வழியாகவே மெட்டு உலகப் புகழ் பெற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கனடாவின் 'ஹியூரன் கரோல்' கதையும் இதற்கு நெருங்கியதே. 1640களில் பிரெஞ்சு யேசுசபைக் குரு ழான் டி பிரேபஃப், வெண்டற் மக்களின் மொழியில் அதனை இயற்றினார் என்பது வழிவழியான நம்பிக்கை. மெட்டு பிரெஞ்சு நாட்டார் மெட்டு. கொள்ளைநோய்களால் ஏற்கெனவே நலிந்திருந்த அம்மக்கள், 1649இல் ஈரோகுவா படையெடுப்பால் சிதறிப்போயினர். பிரேபஃபும் அதிலேயே கொல்லப்பட்டார். 1926இல் மிடில்டன் என்னும் ரொறன்ரோ இதழாளர் ஆங்கில வரிகளை எழுதினார். அவையும் மொழிபெயர்ப்பு அல்ல. அவற்றில் இறைவனுக்கு இடப்பட்ட பெயர்கூட வெண்டற் மொழிக்குரியதன்று, வேறொரு மொழிக் குடும்பத்துக்குரியது. கியூபெக் நகருக்கு அருகே வாழும் வெண்டற் வழித்தோன்றல்கள் தம் மொழியை மீட்க இன்று முயல்கிறார்கள்.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. 1818 நத்தாருக்கு முதல்நாள் இரவு ஒபெர்ண்டோர்ஃப் தேவாலயத்தில் 'அமைதியான இரவு' முதன்முதலாகக் கிற்றார் துணையுடன் பாடப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள்ளேயே ஆக்கியோர் யாரென்பது மறந்துபோயிற்று. 1854இல் பெர்லின் அரச இசைக்குழு விசாரித்தபோது, உயிரோடிருந்த இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் குரூபர் உண்மையை எழுதிக் கொடுத்தார். வரிகளை எழுதிய குரு ஜோசப் மோரின் கையெழுத்துப் பிரதி 1995இல் வெளிவந்து அதனை உறுதிசெய்தது. எழுதிக் கொடுக்கக் குரூபருக்கு ஆயுள் இருந்தது. லெயொன்ரோவிச்சுக்கு அது மறுக்கப்பட்டது.

பெயர் உதிர்வது இயல்பு என்று சொல்வோரும் உளர். நாம் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல்லே போர்த்துக்கேய 'நத்தால்' தந்த கொடைதான். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்களின் சொல் நம் சொல்லாகிவிட்டது. சொற்களும் மெட்டுகளும் கைமாறுவதில் தவறில்லை. ஆயின் தோற்றவர்களின் பெயரே பெரும்பாலும் உதிர்கிறது என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

2022 டிசெம்பரில் அதே கார்ணகி மண்டபத்தில், நூற்றாண்டு நினைவாக, கீவிலிருந்து வந்த சிறுவர் பாடற்குழு 'ஷ்செட்ரிக்'கை உக்ரேனிய மொழியிலேயே பாடியது. அவர்களின் நாடு மீண்டும் போரில் இருந்தது.

ஊர்ப் பாடற்குழுக்களால் நாடுகளைக் காக்க இயலாது. ஆயினும் நிகழ்ச்சிநிரலில் பாடலின் சொந்தப் பெயரையும் ஆக்கியோனின் பெயரையும் அச்சிட இரண்டு வரி போதும். முதற்சரணத்தையேனும் மூலமொழியில் பாட ஒரு மாத ஒத்திகை போதும். தம் மொழியையும் பாட்டையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நாடு நாடாகச் சென்ற நம்மவர்கள், தாம் இருக்கும் குழுக்களில் இதனை முதலில் கேட்கவேண்டியவர்கள்.