பேறுகால உதவி வீடு வந்த வரலாறு

பிள்ளை பெற்ற தாய்க்கு ஓய்வும் ஊதியமும் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத நீதி. ஆயினும் ஒரு நீதி சட்டமாவதற்கும், அது தாயின் கையில் பணமாகச் சேர்வதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் உழைத்த நம்மவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலத்துக்கு 12 வார ஓய்வை வகுத்தது. பம்பாய் 1929-லும், சென்னை மாகாணம் 1934-லும் தத்தம் சட்டங்களை இயற்றின. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் அச்சட்டங்கள் ஆலைப் பெண்களையே கருதின. தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களை நாடு முழுமைக்குமான சட்டம் எட்டியது 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தாலும், 1961-இன் மகப்பேற்று உதவிச் சட்டத்தாலுமே. 1961-இல் 12 வாரமாயிருந்த விடுப்பு, 2017-இல் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று.

எனினும் அவ்வூதியம் பெறப் பேரேட்டில் பெயர் வேண்டும். முன்னர் 160 நாளும், 1988-இன் திருத்தத்துக்குப் பின் 80 நாளும் வேலை செய்திருக்க வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி, இன்று ஓர் ஏலத்தோட்டத்திலும் நாளை வேறொன்றிலும் கூலி செய்பவளுக்கு எந்தப் பேரேடு சான்று கூறும்?

இக்குறையை நிரப்பவே அரசின் கருவூலம் முன்வந்தது. 2010-இல் முதல் சோதனையாக வந்த இந்திரா காந்தி மாத்ருத்வ சகயோக் திட்டத்துக்குக் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கன்வாடிகளின் வழியே தாய்மார்க்கு 4,000 ரூபாய் தவணைகளில் வழங்கப்பட்டது. 2017-இல் நாடெங்கும் விரிந்த பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம், முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் என வகுத்தது. இஃது எவரும் இடும் பிச்சையன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் செலுத்தும் வரிப்பணம் அவளிடமே திரும்பி வருவதாகும்.

ஆயின் பணம் தானே நடந்து வருவதில்லை. கருவுற்றதைப் பதிவு செய்தல் வேண்டும். தாய்சேய் அட்டையில் பரிசோதனை நாளும் தடுப்பூசி நாளும் ஏறுதல் வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும். ஒன்று தவறினும் தவணை தங்கிவிடும். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஆஷா பணியாளர்களை உருவாக்கியது. அவர்களும் அங்கன்வாடி ஊழியரும் தோட்டத்து லயங்களின் படியேறி, மலையாளப் படிவத்தைத் தமிழில் விளக்கி நிரப்பித் தருவதால்தான் சட்டம் வீடு சேர்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீடு அழைத்துச் செல்வது நம் வழக்கம். பதிவு ஓர் ஊரிலும் பேறு வேறோர் ஊரிலுமாகும்போது, உரிமை நடுவழியில் தொலைந்துபோதல் கூடும். ஆதலின் கருவுற்றவுடனே வாழுமிடத்து நலப் பணியாளரைக் கண்டு பதிவு செய்துகொள்வோமாக. பயணப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது தாய்சேய் அட்டையே.