இரட்டைத் துவக்கம்

இரட்டைத் துவக்கம் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் முறையாகும். விண்டோசு உள்ள மடிக்கணினியில் உபுண்டு போன்ற லினக்சு வழங்கல் ஒன்றையும் நிறுவுவது இதற்குப் பரவலான எடுத்துக்காட்டு. மெய்நிகர் இயந்திரத்தைப் போலன்றி, இம்முறையில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம் மட்டுமே இயங்கும். எனவே நினைவகமும் செயலியும் முழுமையாக அதற்கே கிடைக்கின்றன.

இரண்டு இயங்குதளங்களும் தத்தமக்குரிய வன்தட்டுப் பிரிவுகளில் தனித்தனியே இருக்கும். ஆயினும் பிரிவு அட்டவணை, துவக்கப் பகுதி, வன்பொருள் கடிகாரம் ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை. பெரும்பாலான சிக்கல்கள் இப்பொதுவான இடங்களிலேயே தோன்றுகின்றன.

துவங்கும் முறை

பழைய பயாசு கணினிகளில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் அமைந்த முதன்மைத் துவக்கப் பதிவிலிருந்து துவக்க ஏற்றி செயற்படத் தொடங்கும். அங்கு ஒரேயொரு ஏற்றிக்கே இடமுண்டு. இவ்வமைப்பில் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் இருக்க இயலாது.

பின்னர் வந்த யூ.இ.எப்.ஐ. கணினிகளில், துவக்கக் கோப்புகளுக்கெனச் சிறு பிரிவு ஒன்று ஒதுக்கப்படுகிறது. அதில் ஒவ்வோர் இயங்குதளத்தின் ஏற்றியும் தனிக் கோப்புறையில் இருக்கும். லினக்சு வழங்கல்கள் பலவும் பயன்படுத்தும் கிரப் என்னும் ஏற்றி, நிறுவப்பட்ட இயங்குதளங்களைப் பட்டியலிட்டுக் காட்ட வல்லது.

நிறுவும் வரிசை

விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவுவது வழக்கம். விண்டோசின் நிறுவி பிற ஏற்றிகளைப் பொருட்படுத்தாது தன் ஏற்றியை முதன்மையாக்கிக்கொள்ளும் என்பதே காரணம்.

# முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல்.
# விண்டோசில் பிட்லாக்கர் மறையாக்கம் இருப்பின் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுதல். துவக்க அமைப்பு மாறும்போது விண்டோசு இதனைக் கேட்கக்கூடும்.
# விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியால் பிரிவைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குதல்.
# விண்டோசு 8 முதல் உள்ள விரைவுத் துவக்க வசதியை நிறுத்துதல்.
# நிறுவல் ஊடகத்திலிருந்து கணினியைத் துவக்கி, லினக்சை அவ்வெற்றிடத்தில் நிறுவுதல்.

இறுதிப் படியில், முழு வட்டையும் அழித்து நிறுவும் தெரிவைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் விண்டோசும் அதிலுள்ள கோப்புகளும் அழிந்துவிடும்.

பொதுவான சிக்கல்கள்

'''ஏற்றி மறைதல்:''' பயாசு கணினியில் லினக்சுக்குப் பின் விண்டோசை மீள நிறுவினால் தெரிவுப் பட்டியல் தோன்றாது. லினக்சு அழிந்ததுபோல் தோன்றும். எனினும் லினக்சுப் பிரிவை அழிக்காதிருந்தால் அதன் கோப்புகள் அப்படியே இருக்கும். லினக்சு நிகழ்வட்டிலிருந்து துவக்கி, கிரப்பை மட்டும் மீண்டும் நிறுவினால் போதுமானது. மாறாக, விண்டோசிலிருந்து லினக்சுப் பிரிவை அழித்தால் கிரப் தன் கோப்புகளைக் காணாது நின்றுவிடும். அப்போது விண்டோசு நிறுவல் வட்டின் பழுதுநீக்கும் கருவியால் துவக்கப் பதிவைச் சரிசெய்யலாம்.

'''கடிகார வேறுபாடு:''' விண்டோசு, வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்சு அதனை ஒருங்கிணைந்த உலகளாவிய நேரமாகக் கொள்கிறது. எனவே லினக்சைப் பயன்படுத்திய பின் விண்டோசுக்கு மாறும்போது, இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பிந்திக் காட்டக்கூடும். ஏதேனும் ஓர் இயங்குதளத்தின் அமைப்பை மற்றதற்கு ஏற்ப மாற்றுவதே தீர்வாகும்.

'''கோப்புச் சிதைவு:''' விரைவுத் துவக்கம் இயங்கும்போது விண்டோசு முழுமையாக நிற்பதில்லை. அதன் நிலையின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்படுகிறது. அந்நிலையில் லினக்சிலிருந்து விண்டோசுப் பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். இதனாலேயே லினக்சு அப்பிரிவைப் படிப்பதற்கு மட்டும் திறப்பதுண்டு.

பயன்பாடு

விண்டோசு 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11-இன் வன்பொருள் தேவைகளை நிறைவுசெய்யாத மடிக்கணினிகளில், இணையப் பணிகளுக்கு லினக்சையும் பழைய மென்பொருள்களுக்கு மட்டும் விண்டோசையும் வைத்துக்கொள்ள இம்முறை உதவுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* துவக்க ஏற்றி
* வன்தட்டுப் பிரிவு
* மெய்நிகர் இயந்திரம்